புழுத்தொட்டியில் ஒரு செவிப்பாம்பு

புழு என்றாலே எனக்கு ஆகாது. கத்திரிக்காய் நறுக்கும்போது உள்ளே ஒன்று நெளிந்தால் அரிவாள்மனையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து ஓடுகிற ஆள் நான். அப்படிப்பட்டவள் ஒரு தொட்டி நிறையப் புழு வளர்க்க நேர்ந்தது திருவனந்தபுரத்துக்குக் குடிவந்ததால்தான். கணவருக்குச் சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் வேலை. எங்களுக்குக் கிடைத்த வாடகை வீட்டுக்கு முற்றம் கிடையாது. அடுக்களைக்குப் பின்னால் இரண்டு பேர் நிற்கிற அளவுக்கு ஒரு சிமெண்டு வராந்தா, அவ்வளவுதான். மாதாமாதம் குப்பை எடுக்க வரும் பெண்கள் பிளாஸ்டிக்கை மட்டும் வாங்கிக்கொள்வார்கள். காய்கறித் தோலை என்ன செய்வது என்று கேட்டால், "அது வீட்டில்தன்னெ செய்யணும் சேச்சி" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

கடைக்கு மிளகு கொண்டுவரும் வித்துரா மலையூர்க்காரர் ஒருவரிடம் கணவர் சொல்லிவைத்தார். சாணமும் மண்ணும் புழுவும் கலந்து ஒரு சாக்குப்பை வந்து சேர்ந்தது. அடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தொட்டி, தேங்காய்நார்த் தூள், கிழித்துப்போட்ட செய்தித்தாள். மீன் கழிவு கூடாது, புளித்த சோறு கூடாது, எலுமிச்சைத் தோல் கூடாது. ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒரு சொட்டு நீர் துளிர்க்க வேண்டும். அதற்கு மேல் போனால் நாறும், குறைந்தால் புழு சாகும். இதையெல்லாம் இரண்டு கைக்கும் உறை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கற்றேன். பயம் போகவில்லை, பழகிப்போனது. அடியில் தேயிலைத் தூள் போல உரம் சேர்ந்தபோது எனக்குப் பெருமைகூட வந்தது.

ஒரு நாள் வாழைப்பழத் தோலைப் புதைக்கக் கிளறியபோது ஒரு புழு மட்டும் வேறு மாதிரி இருந்தது. கறுப்பு. உடம்பில் வளையம் இல்லை, வழவழவென்று எண்ணெய் தடவியதுபோல் மினுங்கியது. மற்றதெல்லாம் மெதுவாக நெளிய, இது விருட்டென்று மண்ணுக்குள் போனது. போகும் முன் அதன் முகத்திலிருந்து நூல் போல ஒரு நாக்கு வந்து போனதை நான் பார்த்தேன். நான் போட்ட கூச்சலில் மாடியிலிருந்து வீட்டுக்காரச் சேச்சி இறங்கி ஓடி வந்தார்.

எட்டிப் பார்த்தவர், "பேடிக்கண்டா மோளே, அது குருடியாணு. கண்ணு காணாத்த பாவம்" என்றார். பயப்படாதே, அது ஒரு குருட்டுப் பாம்பு என்று ஆறுதல் சொல்கிறாராம். பாம்பு என்று சொல்லிவிட்டு எப்படி ஆறுதல் சொல்ல முடியும்?

எங்கள் ஊரில் அதற்குச் செவிப்பாம்பு என்று பெயர். தூங்குகிறவர்கள் காதுக்குள் நுழைந்து மூளைக்குப் போய்விடும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். படித்து, கல்யாணமாகி, பிள்ளை பெற்ற பிறகும் அந்தப் பேச்சு எனக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. வராந்தாவை ஒட்டிய அறையில் தரையில் பாய் விரித்துத்தான் அவளைத் தூங்க வைப்பேன். வராந்தாக் கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தது.

கணவரிடம் சொன்னால் அவருக்குச் சிரிப்பு. "அதுக்குக் கண்ணுந் தெரியாது, பல்லுங் கெடையாது. ஒன்னையப் பாத்து அதுதான் பயந்திருக்கும்."

"பிள்ள காதுல பூந்துட்டா?"

"ஏட்டி, காது என்ன எலிப் பொந்தா?"

அவருக்கென்ன, காலையில் கடைக்குப் போய்விடுவார். நான் தொட்டி மூடியின் மேல் ஒரு செங்கல்லைத் தூக்கி வைத்தேன். கதவுக்கு அடியில் பழைய சேலையைத் திணித்தேன். தோலையும் காம்பையும் போட வேண்டியிருக்கும்போது, மூடியை ஓரமாகக் கொஞ்சம் தூக்கி உள்ளே தள்ளிவிட்டு, செங்கல்லை மறுபடி வைத்துவிடுவேன். கிளறவில்லை. தண்ணீர் தெளிக்கவில்லை. பிழிந்து பார்ப்பதா, பேச்சே இல்லை. மகள் தூங்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோடை வெயிலில் வராந்தா கொதித்தது. சுவரோரம் எறும்பு சாரையாகப் போவதைக் கண்டேன்தான். எறும்புக்கெல்லாம் பயப்பட எனக்கு அப்போது நேரமில்லை.

ஒரு மத்தியானம் குழம்பை இறக்கி வைக்க அடுக்களைக்குப் போனேன். அந்த நேரத்தில் மகள் வீறிட்டாள். ஓடிப்போய்ப் பார்த்தால், பாயில் புரண்டு புரண்டு வலது காதைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நுழைந்துவிட்டது என்றே நினைத்தேன். சந்தேகம் துளியும் இல்லை.

சேச்சி இறங்கி வந்து உப்புத் தண்ணீர் விடலாம் என்றார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். தண்ணீர் பட்டால் அது இன்னும் உள்ளே போகும் அல்லவா? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் அவளுடைய இடது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டே போனேன். வலது காதில் நுழைந்தது இடது காதில் எப்படி வரும் என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. அவள் அழுகை நின்றால் செத்துவிட்டாளோ என்று நடுங்குவேன். அழுதால் கடிக்கிறதோ என்று நடுங்குவேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்ன ஆயிற்று என்று கேட்டார். "பாம்பு" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நர்ஸைப் பிள்ளையின் தலையைப் பிடிக்கச் சொல்லி, விளக்கு வைத்து உள்ளே பார்த்தார். என்னவோ ஊற்றினார், மெல்லிய இடுக்கியை விட்டார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

"இதா, நிங்ஙளுடெ பாம்பு."

பஞ்சின் மேல் ஒரு சிவப்பு எறும்பு சுருண்டு கிடந்தது.

"காதினு ஒந்நுமில்ல. வீட்டில் உறும்பு உண்டோ?" என்று கேட்டார். உறும்பு என்றால் எறும்பு. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மகள் என் கம்மலைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கணவர் வந்த பிறகு இருவருமாக எறும்புச் சாரையைப் பின்தொடர்ந்தோம். பாயின் ஓரத்திலிருந்து சுவர், சுவரிலிருந்து நான் திணித்த சேலை, சேலையிலிருந்து வராந்தா, வராந்தாவிலிருந்து புழுத்தொட்டி. அவர் செங்கல்லை எடுத்து மூடியைத் திறந்தார். உள்ளே எல்லாம் பொட்டுக்கடலை மாவு போலக் காய்ந்து கிடந்தது. ஈரம் போன இடத்தில் எறும்பு புற்றே கட்டியிருந்தது. பாதிப் புழுக்கள் செத்து நார்நாராகக் கிடந்தன. மிச்சம் இருந்தவை அடியில் ஒரு மூலையில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்தன. என் பயத்துக்கு நான் கட்டிய காவலில் வளர்ந்த எறும்புதான் என் பிள்ளையின் காதுக்குள் போயிருந்தது.

கணவர் ஒரு குச்சியால் புற்றைக் கலைத்தார். அரிசிக் குருணை போல வெள்ளை வெள்ளையாய் எறும்பு முட்டைகள். அவற்றின் நடுவில் அந்தக் கறுப்பு உடம்பு மினுங்கியது. எறும்புகள் மேலே மொய்க்க மொய்க்க, அது முட்டைகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. நான் கணவரின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

"வெளிய கொண்டு விட்டுரவா?" என்று கேட்டார்.

"வேண்டாம். கெடக்கட்டும்" என்றேன்.

பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். தினமும் காலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் மூடியைத் திறக்கிறேன். ஆனால் திறக்காமல் இருக்க அதைவிடப் பயம். தண்ணீர் தெளித்து, ஒரு பிடி அள்ளிப் பிழிந்து, அந்த ஒரு சொட்டு வருகிறதா என்று பார்த்த பிறகே காப்பி குடிக்கிறேன். புழுக்கள் மறுபடி பெருகிவிட்டன. எறும்பும் ஒழிந்துவிட்டது. மகளை மட்டும், இந்த ஊர்ப் புழுக்கத்திலும், காதை மூடும் குல்லாய் போட்டுத்தான் தூங்க வைக்கிறேன். எறும்புக்காக என்று கணவரிடம் சொல்லியிருக்கிறேன்.