ஆடு தொடாத அவரை

இறக்குமதி நின்று, மைசூர்ப் பருப்பு கப்பலில் வராத காலம். உடுவிலில் எங்கள் வேலியில் படர்ந்த வாளவரையைத் தேடி, விதை சேர்க்கும் விவசாயக் கந்தோர் அலுவலர் ஒருவர் வந்தார். மெலிந்தவர், நீலம் பாய்ந்த உதடுகள். ஆடுகூடத் தொடாத அந்தச் சிவப்பு விதையை நாங்கள் மூன்று முறை அவித்துத் தண்ணீர் வடித்துத்தான் உண்போம். அவர் ஒன்றைப் பச்சையாகவே மென்று விழுங்கி, தன் மணிக்கட்டில் நாடி பார்த்தபடி வேலியடியில் இருந்தார்.

“பயமில்லையோ ஐயா?” என்றேன்.

“பயந்தான். உதிலை சத்தும் கூட, நஞ்சும் கூட. நஞ்சில்லாத கொடியொண்டை உண்டாக்கவேணும். அதுக்கேற்ற விதை எங்கையோ கிடக்கு, வரும்.”

பிறகு அவர் வரவேயில்லை. அடுத்த மாரியில், அவர் இருந்த இடத்தில் ஒரு கொடி எழுந்தது. மென்ற விதை முளைக்காது. இதன் விதையோ வெள்ளை. ஆடு ஆவலாகத் தின்றது. நாங்கள்தான், எத்தனை தண்ணீர் வடித்தும், அந்த மனிதரையே உண்பதுபோலிருந்ததால், அதை வாயில் வைக்கவில்லை.