வரப்பை அளந்த வாத்தியார்

திருத்துறைப்பூண்டி பக்கத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நஞ்சை இருந்தது. அப்பா காலத்திலிருந்து அதைக் குத்தகைக்குப் பயிரிட்டு வந்தவரை வெளியேற்ற நான் வழக்குப் போட்டிருந்தேன். சட்டம் தன் பக்கம் என்று அவர் அசையவில்லை. இரண்டு கழகங்களும் மாறி மாறி ஆட்சிக்கு வந்தன; எங்கள் வழக்கு வாய்தாவிலேயே கிடந்தது. நான் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஆண்டு விழா மேடையில் சமத்துவம் பற்றி உருக்கமாகப் பேசுவேன். குத்தகைதாரரை நேரில் பார்த்தால் ‘வாங்க’ என்பேன். வீட்டுக்குள் நுழைந்ததும் ‘அவன்’ ஆகிவிடுவார்.

அந்த வருஷம் குறுவை நடவு முடிந்த சமயத்தில் எனக்குத் தூக்கம் போயிற்று. எங்கள் வயலை ஒட்டி அவர் சொந்தமாக வாங்கிய நிலம் இருந்தது. இடையிலுள்ள வரப்பை அவர் தினமும் விரற்கடை அளவு எங்கள் பக்கம் நகர்த்துகிறார் என்று எனக்கு உறுதியாகப் பட்டது. இரண்டு பக்கமும் பயிர் வைப்பவர் அவரேதான். நகர்த்தி அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கணக்கு வாத்தியாருக்கு இந்தக் கணக்குதான் எட்டவில்லை.

முதலில் காலையில் மட்டும் டேப் வைத்து அளந்தேன். பிறகு பள்ளிக்கு லீவு போட்டேன். கடைசியில் குடையோடு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். மனைவி சோறு கொண்டு வந்தபோது, நீயும் அவன் ஆள்தானே என்று கத்தினேன். நான்காம் நாள், “இங்கயே செத்துப்போறேன். அப்புறம் எவன் வரப்பை நகர்த்துறான்னு பாக்குறேன்” என்றேன். அவள் அழுதுகொண்டே போனாள்.

மறுநாள் பதினொரு மணிவாக்கில் சாலையில் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. ஒரு பெண்ணும் ஓர் ஆளும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தார்கள். நிலம் அளக்க வந்தவர்கள் என்று நினைத்தேன்.

“மனு குடுத்து எத்தனை மாசம் ஆவுது, இப்பதான் வழி தெரிஞ்சுதா?” என்று பட்டாவையும், நிலத்தின் பயிர்க்கணக்கு எழுதிய அடங்கலையும் நீட்டினேன்.

“நாங்க தாலுகா ஆஸ்பத்திரி மனநலக் குழு சார். நான் கவுன்சிலர், இவர் நர்ஸ்” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் ஈர வரப்பிலேயே உட்கார்ந்தார். “சொல்லுங்க சார், என்ன ஆச்சு?”

ஒரு மணி நேரம் சொன்னேன். வரப்பு நகர்ந்தது என்றோ நகரவில்லை என்றோ அவர் சொல்லவில்லை. முடித்ததும், “கடைசியா எப்ப தூங்கினீங்க?” என்றார்.

“அதெல்லாம் அடங்கல்ல வராதும்மா.”

அவர் சிரிக்கவில்லை. “செத்துப்போயிடலாம்னு தோணுதா சார்?” என்று நேராகக் கேட்டார். யாரும் அப்படி என்னிடம் கேட்டதில்லை. தோணுது என்றேன். பிறகு, பத்தாம் வகுப்புப் பையன்கள் பார்த்திருந்தால் அதோடு என் பிரம்புக்கு மரியாதை போயிருக்கும் என்ற அளவுக்கு அழுதேன். நர்ஸ் என் குடையை வாங்கி என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார்.

வேனுக்கு நடக்கும்போது வழுக்கி, நட்ட வயலில் முழங்கால் வரை இறங்கிவிட்டேன். பம்ப்செட் பக்கம் நின்றிருந்த குத்தகைதாரர் ஓடி வந்து தூக்கினார்.

“நான்தான் சார் போன் பண்ணேன். அம்மா வந்து அழுதாங்க.”

“என்னைப் பைத்தியம்னு எழுதி வாங்கி கோர்ட்டுல காட்டத்தானே?”

“மொதல்ல வண்டியில ஏறுங்க சார். கோர்ட்டு எங்க போயிடப் போவுது.”

ஆஸ்பத்திரியில் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அடம்பிடித்தேன், மனைவி போட்டாள். ஊசி போட்டார்கள். ஐந்து நாளைக்கான தூக்கத்தை ஒரே மூச்சில் தூங்கினேன். பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகும் கவுன்சிலர் வாரம் ஒரு முறை வந்து பார்த்தார். வரப்பு அங்கேயேதான் இருக்கிறது என்று எனக்கே புரிய ஒரு மாதம் பிடித்தது.

ஆஸ்பத்திரிப் பேச்சை எடுப்பார்கள் என்று பயந்துகொண்டே அடுத்த வாய்தாவுக்குப் போனேன். யாரும் எதையும் எடுக்கவில்லை. பிறகு என் வக்கீல்தான் சொன்னார்: என் மருந்துச் சீட்டைக் காட்டி வழக்கை முடித்துவிடலாம் என்று எதிர்த்தரப்பு வக்கீல் யோசனை சொன்னாராம். அப்படிச் செய்தால் வேறு வக்கீலைப் பார்த்துக்கொள்வேன் என்று குத்தகைதாரர் எழுந்துவிட்டாராம்.

திரும்பும் பஸ்ஸில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நன்றி சொல்ல நல்ல தமிழில் நாலு வரி தயாரித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது, “ஏங்க காட்டல?” மட்டும்தான்.

“நான் ஜெயிக்கிற கேசு சார் இது. அதுக்கு உங்க மருந்துச் சீட்டு எதுக்கு?” என்றார் அவர்.

எனக்குக் கோபம்கூட வந்தது.

சொன்னபடியே அவர் ஜெயித்தார். அப்பீல் போகலாம் என்றார் என் வக்கீல். வேண்டாம் என்றேன். பள்ளியில் அதைப் பெருந்தன்மை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், மாத்திரை போட்டுக்கொண்டு அப்பீல் கோர்ட்டுக்குப் போகும் காலை ஆறு மணி பஸ்ஸுக்கு எழுந்திருக்க என்னால் முடியவில்லை.