ஒரு வாளிக் கோதும் பாதி ட்ரைவ்வேயும்

போன சனிக்கிழமை காலை வாசல் கதவைத் திறந்தேன். இரவு முழுவதும் ஸ்னோ கொட்டியிருந்தது. எங்களுக்கும் பக்கத்து வீட்டு ஜில்லுக்கும் கார் விட ஒரே ட்ரைவ்வே. அதில் பாதி பளிச்சென்று துப்புரவாகக் கிடந்தது. மற்றப் பாதியில் முழங்கால் உயரத்துக்கு ஸ்னோ.

எந்தப் பாதி எங்களுடையது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

நடுவில் ஒரு கோடு... அடிமட்டம் வைத்துக் கீறியது போல!

ஜில் கெட்டவரில்லை, பிள்ளைகளே. நாங்கள் ரொக்ஸ்பரோவுக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்திலிருந்தே, தன் ஸ்னோ தள்ளும் மெஷினால் எங்கள் பக்கத்தையும் சேர்த்துத் தள்ளிவிடுகிற மனிதர். மான் வேட்டைக்குப் போய்வந்தால் எங்களுக்கும் ஒரு பொதி இறைச்சி தருவார். என் மனைவி அதைப் பிரட்டல் கறி வைத்து ஒரு கிண்ணம் அனுப்புவார். கண்ணீர் வழிய வழியச் சாப்பிடுவார் ஜில்.

அப்படிப்பட்டவர் ஏன் கோடு கீறினார்? நான் ‘மாட்டேன்’ என்று சொன்னதால்.

நான் லவாலில் பழைய உலோகம் வாங்கும் யார்ட் ஒன்றில் வேலை செய்கிறேன். போன மாதம் ஆமிக்காரர் சுட்டுப் பழகும் திடலிலிருந்து பீப்பா பீப்பாவாக வெற்றுக் கோதுகள் வந்தன. கோது என்றால், துவக்கால் சுட்டதும் சன்னம், அதாவது குண்டு, பறந்துபோன பிறகு மிஞ்சுகிற பித்தளைக் கூடு. அதை மெஷினில் போட்டு நசுக்கி, உருக்குவதற்கு அனுப்புவது என் வேலை.

இதை ஜில்லிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அந்தக் கண்கள் விரிந்ததைப் பார்த்திருக்க வேண்டும்!

வேட்டைக்காரர் சிலர் சுட்ட கோதை எறியமாட்டார்கள். துப்புரவாக்கி, வெடிமருந்து நிரப்பி, புதுச் சன்னம் பொருத்தித் திரும்பவும் சுடுவார்கள். ஜில்லும் அப்படித்தான். அவர் பேசுவது பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம். நான் நம் பேச்சில் தருகிறேன்; ‘மொனாமி’ என்றால் மட்டும் ‘நண்பா’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“முந்தி ஆமிக் கோது கடையில பை பையா வாங்கலாம், மொனாமி. இப்ப மருந்துக்கும் இல்லை. எல்லாத்தையும் நசுக்கிப் போடுறாங்கள். ஒரு வாளி... ஒரேயொரு வாளி எனக்கு எடுத்துத் தாவன்?”

முதலாளியிடம் கேட்டேன். அவர் மறுப்பார் என்று நம்பித்தான் கேட்டேன். “ஒரு வாளிதானே, கொண்டு போ” என்றுவிட்டார்!

வீட்டில் மனைவி வழி சொன்னார். “இஞ்சேருங்கோ, உங்களுக்கு விருப்பமில்லையெண்டால், முதலாளி விடமாட்டாராம் எண்டு சொல்லுங்கோ. முடிஞ்சுது கதை.”

“அவர் விட்டிட்டாரே.”

“அது ஜில்லுக்குத் தெரியுமே?”

நம்மவர்கள் ‘இல்லை’ சொல்லும் அழகைக் கவனித்திருக்கிறீர்களா? ‘பாப்பம்’ என்போம். ‘இவரைக் கேட்டுச் சொல்றன்’ என்போம். ‘பேந்து கதைப்பம்’ என்போம். ஒரு பார்ட்டிக்குப் போக விருப்பமில்லை என்றால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிடும் — வீட்டுக்குள் துள்ளித் திரிகிற பிள்ளைக்கு! நமக்கு வேண்டாததை மறுக்கக்கூட நமக்கு இன்னொரு ஆள் வேண்டியிருக்கிறது.

நான் போய் ஜில்லின் பெல்லை அடித்தேன்.

“முதலாளி ஓமெண்டிட்டார், ஜில். நான்தான் மாட்டன்.”

“ஏன்? இது களவில்லையே!”

“இல்லை.”

“மான் இறைச்சி மட்டும் நல்லாச் சாப்பிட்டாய்?”

“ஓம். இன்னும் தந்தாலும் சாப்பிடுவன்.”

“அப்ப?”

அப்ப... எப்படி விளக்குவது?

உங்கள் வயதில் நானும் கோது பொறுக்கியவன், பிள்ளைகளே. சண்டை ஓய்ந்த காலைகளில் தெருவில் கிடக்கும். வாயில் வைத்து ஊதினால் விசில் சத்தம் வரும். யார் அதிகம் சேர்ப்பது என்று எங்களுக்குள் போட்டி. ஒருநாள், கோது கிடந்த இடத்தையும் பார்த்தேன், சன்னம் போன வீட்டையும் பார்த்தேன். அது என்னோடு சேர்ந்து விசில் ஊதியவனின் வீடு. அதற்கு மேல் இந்தச் சிறுவர் பக்கத்தில் எழுதமாட்டேன். பிறகு நான் ஊதியதில்லை.

இவ்வளவையும் சொல்ல என் பிரெஞ்சு காணாது. சொன்னது இதுதான்: “நீ நல்லவன், ஜில். உன்ர துவக்கோட எனக்குப் பகையில்லை. ஆனா அந்தக் கோது ஒருதரம் சத்தம் போட்டிட்டுது. என்ர கையால அது ரெண்டாந்தரம் போடாது.”

கதவைச் சாத்தினார். மெதுவாகத்தான்... ஆனாலும் சாத்தினார்.

இனிச் சனிக்கிழமைக்கு வருவோம். மனைவி யன்னலால் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, “ஒரு வாளி பித்தளைக்கு ஒரு முழுக் குளிர்காலம்! உங்கட கொள்கையிட்ட ஷவலைக் குடுங்கோ, அது தள்ளட்டும்” என்றார்.

ஷவலை நானே எடுத்தேன். மகள் ஆரணியும் வந்தாள். முதுகு முறிய அள்ளினோம். கோடு வந்தது. நான் நிற்கவில்லை. ஜில்லின் வாசற்படிகளில் மெஷின் ஏறாது. அவருக்கு முழங்கால் வருத்தம் வேறு. அந்தப் படிகளையும் வழித்துவிட்டேன். சமாதானம் கேட்டா? இல்லவே இல்லை! மாட்டேன் என்று சொன்ன ஆளே உதவியும் செய்வான் என்று காட்டத்தான்.

ஜில் கதவைத் திறந்தார். படிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“தெத் டூர்!” என்று கத்திவிட்டு உள்ளே போனார்.

“அப்பா, உங்களுக்குத் தலை கல்லாம்” என்றாள் ஆரணி.

“விளங்கினது. சரியாத்தானே சொல்றார்?”

பிள்ளைகளே, ஒன்றை நீங்கள் செய்யமாட்டீர்கள் என்றால், அதை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். அப்பாவையோ டீச்சரையோ காய்ச்சலையோ துணைக்குக் கூப்பிடாதீர்கள். கோபிப்பவர்கள் கோபிக்கட்டும்.

திங்கட்கிழமை, மிச்சமிருந்த பீப்பாக்களின் கோதுகளையும் நசுக்கி முடித்தேன். இன்றிரவும் ஸ்னோவாம்.

ஷவல் வாசலில்தான் நிற்கிறது — கொட்டட்டும்!