ஏட்டம்மா எழுத மறுத்த தேதி

பெருமாள்மலை முக்கில் பீன்ஸ் மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. டீக்கடை ரஹ்மத் பாய் கல்லாவை விட்டு இறங்கி வந்து, "செகரட்டரி, புஷ்பம் ஏட்டம்மா போயிட்டாங்க. வெள்ளனே எந்திரிச்சு வாசல் கூட்டுனவங்க, அப்படியே உக்காந்துட்டாங்களாம்" என்றார். "எந்த ஏட்டம்மா?" என்று கேட்டேன். நமக்குத் தெரிந்து இந்த மலையில் ஏட்டம்மா என்றால் ஒருவர்தான். பாய் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "உக்காருங்க, டீ போடச் சொல்றேன்" என்றார்.

அப்போது என் சட்டைப் பையில் நம் விவசாயிகள் சங்கத்து மனு இருந்தது. காட்டுப்பன்றியால் வெள்ளாமையை இழந்த ஒவ்வொருவருக்கும் துப்பாக்கி லைசென்ஸ் வேண்டும் என்று கலெக்டருக்கு நாம் எழுதியது. நீங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். செயலாளர் என்ற இடம் மட்டும் காலி. அன்று சாயங்காலம் அதை ஏட்டம்மாவிடம் காட்டி, ஒரு பாட்டம் சண்டை போட்டுவிட்டு, அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுவதாக இருந்தேன். சண்டைக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது.

அடக்கத்துக்கு நம் சங்கத்திலிருந்து நான்கே பேர் வந்தோம். கல்லறைத் தோட்டத்தில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. ஃபாதர் ஜெபத்தை வெரசாக முடித்தார். எல்லாம் முடிந்த பிறகு ஏட்டம்மாவின் மகள் ஜெனிபர் என்னிடம் வந்து, "மாமா, அம்மா மேல உங்க ஆளுகளுக்கு அப்படி என்ன கோவம்?" என்று கேட்டாள். நான் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன். செருப்பு என் காலில்தான் இருந்தது.

வராதவர்கள் ஏன் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். "கூடப் பழகி, செகரட்டரியையே காட்டிக்கொடுத்து, தோள்பட்டையில ஸ்டார் வாங்குனவ" என்ற பேச்சு இந்த மலையில் ஆறு வருஷமாக ஓடுகிறது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் நான். அது பொய். அதை என் வாயாலேயே இறக்கி வைக்காமல் அந்த அம்மாவுக்கு அஞ்சலி என்று ஒரு வரி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை இரங்கல் கூட்டத்துக்கு முன்பே இதை எழுதி உங்கள் எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறேன். கோபப்படுகிறவர்கள் முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

மரியபுஷ்பம் என்பது அவருடைய முழுப் பெயர். மதுரையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஏட்டாக நம் மலைக்கு மாறுதலாகி வந்தவர். எனக்கு அறிமுகமானது ஒரு தேர்தல் சமயத்தில். தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் அல்லவா? சாக்கில் சுற்றி, பழைய சேலையில் சுற்றி, ஒருவர் தலையணை உறைக்குள் சொருகி, வரிசையில் நின்றோம். ஏட்டம்மா எண்ணைச் சரிபார்த்து ரசீது எழுதினார். கூடவே ஒவ்வொருவரிடமும், "வீட்டுல இத எங்க வைப்பீங்க?" என்று கேட்டு, தன் சொந்த டைரியில் குறித்துக்கொண்டார். கதவுக்குப் பின்னால் என்றார் ஒருவர். பீரோ மேலே என்றார் இன்னொருவர். என் முறை வந்தபோது, "இதையெல்லாம் சர்க்கார் கேக்கச் சொல்லுச்சா?" என்று முறைத்தேன். "சர்க்கார் கேக்கல. நான் கேக்குறேன். ரெண்டு புள்ள இருக்குற வீடுன்னு சொன்னீங்கள்ல?" என்றார். அரிசி மூட்டைக்குப் பின்னால் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்கு வாய் நீளம், அவருக்கும் குறைவில்லை. ஆகவே பழக்கமாகிவிட்டோம். ஒருமுறை பன்றிக் கூட்டம் என் உருளைக்கிழங்குக் காட்டை உழுது போட்டிருந்தது. ஸ்டேஷனுக்குப் போய், "வாங்க, வந்து கண்ணால பாருங்க, அப்புறம் துப்பாக்கி வேணுமா வேண்டாமான்னு பேசுங்க" என்று அவரைக் கையோடு கூட்டி வந்தேன். பூட்ஸ் காலோடு காடு முழுக்க நடந்தார். ஒரு கிழங்கை எடுத்துத் துடைத்தார். பாதி கடித்த கிழங்கு. "பாவி மட்டைக, வயித்தெரிச்சலாத்தான் இருக்கு" என்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தபோது, "அண்ணே, பன்னிக்கு நான் வக்கீல் இல்ல. இந்தத் துப்பாக்கி சுடாம சும்மா கெடக்குற நேரத்துல யாரு கையில கெடக்குன்னுதான் கேக்குறேன்" என்றார்.

"யார் கையில் கிடக்கும்? என் வீட்டில் கிடக்கும்" என்றேன். அவர் மதுரைக் கதை ஒன்றைச் சொன்னார். திருவிழா பிளக்ஸில் யார் படம் பெரிசு என்று இரண்டு தெருப் பையன்களுக்குள் ஆரம்பித்த தகராறு வெட்டுக்குத்தில் முடிந்திருக்கிறது. வெட்டுப்பட்டவனுக்கு ஆஸ்பத்திரியில் காவல் இருந்தது இவர். "பத்தொம்பது வயசுண்ணே. மயக்கம் தெளிஞ்சதும் மொதக் கேள்வி என்ன தெரியுமா? என் படத்த எத்தன பேரு ஸ்டேட்டஸ்ல வச்சான்னு கேக்குறான். அம்மாக்காரி வெளியில தரையில பொரண்டு அழுதுக்கிட்டுக் கெடக்கா. இன்னிக்கு அருவா வச்சிருக்கான். துப்பாக்கி கெடச்சா வேண்டாம்னா சொல்லப்போறான்?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பட்டணத்து ரவுடிக்கும் என் கிழங்குக் காட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கத்தினேன். "ரோடு ஒண்ணுதானண்ணே" என்றார்.

இனி நான் சொல்லப்போவது நம் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் வெளியில் பேசாத விஷயம். நம் மலையில் லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். துப்பாக்கி நாலு காட்டுக்குக் காவல் போகும். மருந்தடிக்கிற மிஷினை இரவல் கொடுப்பது மாதிரிதான். இரவல் கொடுத்தவன் வெள்ளாமை வீடு வந்து சேரும்வரை திருப்பிக் கேட்கக் கூடாது, கேட்டால், "என் காடு அழிஞ்சாப் பரவாயில்லையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அப்படித்தான் என் துப்பாக்கியைப் பக்கத்துக் காட்டுப் பாண்டியிடம் கொடுத்தேன். சட்டப்படி தப்பு என்று தெரிந்தேதான் கொடுத்தேன். பாண்டியின் மச்சினன் மதுரையிலிருந்து நாலு நாள் தங்கிப் போகலாம் என்று வந்தான். காவலுக்கு நானே போகிறேன் மாமா என்று துப்பாக்கியை வாங்கிக்கொண்டான். அவனும் போனான், துப்பாக்கியும் போனது. பாண்டி பயந்துபோய் என்னிடம் சொல்லவில்லை. நான் மரியாதைக்காகக் கேட்கவில்லை. மூன்று வாரம்.

தேர்தல் அறிவிப்பு வந்து, ஒப்படைக்கத் துப்பாக்கியைக் கேட்டபோதுதான் விஷயம் எனக்கே தெரிந்தது. ஸ்டேஷனில், "ரிப்பேருக்குக் குடுத்திருக்கு" என்றேன். ஏட்டம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எந்த ஊர்ல ரிப்பேரு?" என்று கேட்டார். திண்டுக்கல் என்று உளறினேன். "தொலைஞ்சிருந்தா தொலைஞ்சதுன்னு இப்பவே எழுதிக் குடுத்திருங்கண்ணே. இன்னிக்குக் குடுத்தா அது ஒரு தப்பு. நாளைக்குன்னா வேற" என்றார். பாண்டி மதுரைக்குப் போய்த் தேடிக் கொண்டுவந்துவிடுவான் என்று நம்பி, பேசாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, பொழுது விடிந்தும் விடியாமலும் ஏட்டம்மா என் வீட்டு வாசலில் நின்றார். யூனிஃபார்ம் இல்லை, சாதாரணச் சேலையில், ஸ்வெட்டர் போட்டு வந்திருந்தார். மதுரையில் ஒருவனைச் சுட்டுவிட்டார்கள், முழங்காலில் குண்டு, பிழைத்துக்கொள்வான், கால் தேறாது என்றார். சாக்கடையில் கிடந்த துப்பாக்கியின் எண் என்னுடையது. "நான் இப்ப போலீஸா வரல. இப்படி வந்ததே தப்பு. எட்டு மணிக்கு யூனிஃபார்மோட வருவேன். அதுக்குள்ள நீங்களா நடந்து வந்து உள்ளதச் சொல்லிருங்கண்ணே" என்றார்.

நான் செய்ததைக் கேளுங்கள். துப்பாக்கி காணாமல் போனதாக இரண்டு நாள் முன்தேதியிட்டு என் புகாரைப் பதிவு செய்துகொள்ளச் சொன்னேன். ஒரே ஒரு தேதி. அதை மட்டும் எழுதிவிட்டால் நான் புகார் கொடுத்த யோக்கியன், பாண்டிகூடத் தப்பிக்கலாம். என் மனைவி ராணி அவர் காலில் விழப் போனாள். ஏட்டம்மா அவளைத் தூக்கி நிறுத்திக் கண்ணைத் துடைத்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "அன்னிக்கு நீங்க எழுதிக் குடுத்திருந்தா நாங்க தேடியிருப்போம். அவனுக்குக் கால் இருந்திருக்கும். இப்ப நான் அந்தத் தேதியப் போட்டா, அவனுக்கு நடந்தது நடக்கலன்னு எழுதுற மாதிரி. மாட்டேண்ணே" என்றார். தெருவரை துரத்திப் போய் வைதேன். வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வந்தது. அக்கம்பக்கம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

எட்டு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் ஸ்டேஷனுக்குப் போனேன். நானாகப் போனதால்தான் வழக்கு அத்தோடு நின்றது. லைசென்ஸ் ரத்து, கோர்ட்டுக்கு அலைச்சல். பாண்டி சில மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தான். ஆனால் வெளியில் நான் சொல்லிக்கொண்டது வேறு கதை: துப்பாக்கியைத் திருடன் கொண்டுபோனான், ஏட்டம்மா என்னைப் பொறியில் மாட்டினாள். அந்த வருஷமே அவருக்குப் பதவி உயர்வு வரவும் என் பொய்க்குக் கை கால் முளைத்துவிட்டது. பணிமூப்புப்படி எல்லோருக்கும் வந்த உயர்வுதான் அது. நாலு வருஷம் அவரைக் கண்டால் ரோட்டின் அந்தப் பக்கம் போனேன்.

ஓய்வு பெற்றும் அவர் கீழே இறங்கவில்லை, பெருமாள்மலையிலேயே வீடு பார்த்துக்கொண்டார். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் என் முன்னால் வந்து நின்று, "சோலி இல்லேன்னா என்கூட மதுரைக்கு வாங்க" என்றார். ஏன் போனேன் என்று தெரியவில்லை. மறுக்கத் தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை. ஒரு செல்போன் ரிப்பேர் கடைக்குக் கூட்டிப்போனார். உள்ளே ஸ்டூலில் ஓர் இளைஞன், சுவரில் சாய்த்து வைத்த ஊன்றுகோல். பெயர் கார்த்தி, முழங்காலில் குண்டு வாங்கியவன். ஏட்டம்மா இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து அவனைப் பார்த்துவிட்டுப் போகிறாராம். நான் யாரென்று சொன்னார். அவன் ஸ்க்ரூட்ரைவரைக் கீழே வைத்தான்.

"நானும் ஒண்ணும் யோக்கியன் இல்ல அண்ணாச்சி. பாண்டி மச்சினன் முந்திக்கிட்டான், அம்புட்டுத்தான்" என்றான். பிறகு, "அது பன்னிக்காக வச்சிருந்ததாமே. ஒரு பன்னியாவது சுட்டிருக்கீங்களா?" என்று கேட்டான். பதினோரு வருஷம் அந்தத் துப்பாக்கி என்னிடம் இருந்தது. வெடிச் சத்தத்துக்குப் பன்றி ஓடும், மறுநாள் வரும். ஒன்றைக்கூட நான் அடித்ததில்லை. இல்லை என்றேன். அவன் சிரிசிரியென்று சிரித்தான். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், நான் பரப்பிய பொய்யை ஏன் ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை என்று. "போலீஸ்காரி சொன்னா யாரு நம்புவா? நீங்க சொன்னா நம்புவாங்க. ஆனா சொல்லுங்கன்னு நான் கேக்க மாட்டேன். கேட்டு வாங்குற சாட்சி எதுக்கும் ஆகாது" என்றார். அடுத்த சங்கக் கூட்டத்தில் சொல்லிவிடுகிறேன் என்றேன். அந்தக் கூட்டத்தில் உரத் தட்டுப்பாடு பேசினோம். அதற்கடுத்த கூட்டத்தில் மழை. இரண்டு வருஷம் இப்படியே ஒப்பேற்றினேன். அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

மனு விஷயத்துக்கு வருகிறேன். நம் வயிற்றெரிச்சல் உண்மை. நஷ்ட ஈட்டுக்கு அலைந்து செருப்புத் தேய்ந்ததும் உண்மை. துப்பாக்கியே கூடாது என்று டிவியில் பேசுகிறவர்களை ஒரு வாரம் பாச்சலூர்ப் பக்கம் காவலுக்கு உட்கார வைக்க வேண்டும் என்று இன்றைக்கும் சொல்வேன். ஏட்டம்மாவும் கூடவே கூடாது என்று சொன்னவர் இல்லை. "ஊருக்கு ஒண்ணு வையுங்க. பூட்டி வையுங்க. எடுக்குறவன் எழுதி வச்சிட்டு எடுக்கட்டும், கேக்குறதுக்கு யாரும் கூச்சப்பட வேண்டாம்" என்பதுதான் அவர் கட்சி. போலீஸ்காரிக்கு விவசாயம் தெரியுமா என்று நாம் சிரித்தோம். அவர் சொன்னது சரியா, நாம் எழுதியது சரியா, எனக்கு இன்னும் முடிவாகவில்லை. மனுவை எடுக்கிறேன், படிக்கிறேன், மடித்து வைக்கிறேன். இந்த வாரம் முழுக்க இதே வேலை. ராணி, "பேயடிச்ச மாதிரி அலையாதீங்க" என்று திட்டுகிறாள்.

புஷ்பம் ஏட்டம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. துப்பாக்கியைக் கொடுத்தவன் நான், மறைத்தவன் நான், அவர் பெயரைக் கெடுத்தவனும் நான். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது நிம்மதி இல்லை, நிம்மதி கெட்டுப்போனதுதான். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளப்போகிறேன். செயலாளர் பதவியில் நான் இருக்கலாமா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு காரியம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குக் கார்த்தியை வரச் சொல்லியிருக்கிறேன். ஏட்டம்மாவுக்காக வருகிறேன் என்றான். காலையில் பன்றி உழுத காட்டை அவனுக்குக் காட்டுகிறேன்; பிறகு மனுவை அவன் முன்னால் சத்தம் போட்டு வாசிப்போம். அதற்கு மேலும் மறுபடி கையெழுத்துப் போட யாருக்குக் கை வருகிறதோ அவர்கள் போடட்டும். நம் சங்கக் கட்டடத்துப் படி செங்குத்து, கைப்பிடியும் கிடையாது. அவனைத் தாங்கி ஏற்றிவர இரண்டு பேர் கீழே நிற்க வேண்டும். ஒருவன் நான். இன்னொருவர் யார் என்று சொல்லிவிடுங்கள்.