கடைசி வீட்டுக்குப் போன மாயக்கதை

வீடு வீடாகப் பத்திரிகை போடும் சர்க்குலேட்டிங் லைப்ரரிக்காரனுக்கு நாய்க்கடியைவிடப் பெரிய தொல்லை தொடர்கதைதான். ஒரே இதழ் தாம்பரத்தில் புறப்பட்டு, வீட்டுக்கு ஒரு நாள் தங்கி, பொழிச்சலூர் போய்ச் சேர ஒரு வாரம் ஆகும். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் ஒரு மாந்திரீகக் காதல் தொடர் வந்தது பாருங்கள், என் உயிரை எடுத்துவிட்டது. செத்துப்போன காதலனைக் கருங்குழலி என்கிற மந்திரக்காரி எழுப்புவாள். அவன் ஒரு ராத்திரி உயிரோடிருப்பான். ஒவ்வொரு தடவையும் அவள் ஏதாவது கூலி கொடுக்கணும். முதலில் கூந்தல், அப்புறம் ஒரு கண், அப்புறம் சிரிப்பு. என்னைப் போல இதழ் தூக்கி அலைந்தவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை புரியும்.

படம் போன கதை

முதல் வீடு கிழக்குத் தாம்பரத்தில். அங்கே காலேஜ் போகிற பெண், தொடரில் வரும் காதலனின் படத்தை அழகாகக் கத்தரித்து எடுத்துக்கொண்டாள். பின்பக்கத்தில்தான் கருங்குழலி கண்ணைக் கொடுக்கிற இடம்! அப்புறம் போன வீட்டிலெல்லாம் "அவளுக்குக் கண் எப்படிப்பா போச்சு?" என்று என்னைப் பிடித்து உலுக்கினார்கள். வாசல் வாசலாகக் கதை சொல்லித் தொண்டை வற்றியது. அந்தப் பெண்ணிடம் சத்தம் போட்டால், "நான் அவனைத்தான் அண்ணா வெட்டினேன், அவ கண்ணு பின்னாடி இருந்தா நான் என்ன பண்றது?" என்கிறாள்.

படிக்காத சார்

பம்மலில் ஒரு பேங்க் ஆபீசர். மந்திரமெல்லாம் மூடத்தனம் என்று எனக்குப் பாடம் நடத்துவார். ஆனால் என் வண்டிச் சத்தம் கேட்டால் செருப்புகூடப் போடாமல் கேட்டுக்கு ஓடிவருவார். மனைவிக்காக வாங்குகிறாராம். அந்தம்மா பெங்களூரில் மகன் வீட்டுக்குப் போயிருந்த மாதமும் வந்தார். "நான் இதெல்லாம் படிக்கிறதே இல்லப்பா. அந்தப் பையன் இந்த வாரம் எழுந்தானா இல்லையா, அதை மட்டும் சொல்லிட்டுப் போ."

கூடத்துச் சண்டை

கடைசி வீடு பொழிச்சலூர் காதர் பாய் வீடு. பல்லாவரத்தில் தோல் வியாபாரம் செய்தவர். நுரையீரலில் புற்று வந்து கூடத்துக் கட்டிலோடு கிடந்தார். மனைவி ஜமீலா அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தொடரைப் படித்துக் காட்டுவார். அதில் இரண்டு பேருக்கும் ஓயாத சண்டை. அக்காவுக்குக் காதலன் எப்படியாவது பிழைக்கணும். பாய்க்கோ, கருங்குழலி கூலி கொடுப்பதை நிறுத்தணும்.

அக்காவின் வளையல்கள் ஒவ்வொன்றாக ஆஸ்பத்திரிக்குப் போனதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் பாய் மூச்சு வாங்க என்னிடம் சொன்னார்: "அந்தப் பொண்ணை விட்டுடச் சொல்லு தம்பி. செத்தவன் ஒருத்தன் போதும்."

அச்சில் இல்லாத முடிவு

கடைசி அத்தியாயம் வந்தபோது பாய்க்கு ரொம்ப முடியவில்லை. இதழ் சுற்றி வரும்வரை தாங்குவாரா? வரிசையாவது மண்ணாங்கட்டியாவது என்று நேரே அவர் வீட்டுக்கு வண்டியை விட்டேன். பல்லாவரம் ரயில்வே கேட் மூடியிருந்தபோது முடிவைப் படித்தும் விட்டேன். மந்திரம் கேட்காதபடி காதலனே தன் காதில் மெழுகை ஊற்றிக்கொண்டு மண்ணுக்குள் போய்விடுகிறான். கருங்குழலி பிழைக்கிறாள்.

அக்கா படிக்க ஆரம்பித்தார். கடைசிப் பக்கத்தில் குரல் நின்றது. அப்புறம், அச்சில் இல்லாததைப் படித்தார். அவன் எழுந்தானாம், இரண்டு பேரும் கிழவன் கிழவியாக வாழ்ந்தார்களாம். பாய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத் தெரியும் ஜமீலா, அவன் போயிட்டான். நீ நல்லா இரு."

திரைக்குப் பின்னால்

அடுத்த வாரம் போனால் பாய் இல்லை. கட்டிலை மடித்துச் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். கணவனை இழந்தவர் வெளியார் முன் வராமல் இருக்கும் இத்தா நாட்கள் என்பதால் அக்கா திரைக்குப் பின்னாலிருந்துதான் பேசினார். நான் இதழை நீட்டினேன். வேறென்ன செய்யத் தெரியும் எனக்கு? அவர் வாங்கவில்லை. "வேணாம் தம்பி. இனிமே மனசுக்குள்ளயே படிக்கணும், அது எனக்கு வராது."

முடிவை எழுதுகிறவர் எங்கேயோ ஃபேன் காற்றில் சௌகரியமாய் இருப்பார், அதை வாசலில் கொண்டுபோய் நீட்டிவிட்டு முழிக்கிறவன் நம்மைப் போன்றவன்தான், சாமி.