படகிலிருந்து கேட்ட ‘வாவ்’

எங்கள் கடற்கரை ஊரான ஆலங்குடாவுக்கு வரும் வெள்ளைக்காரர்கள் எதற்கெல்லாம் ‘வாவ்’ சொல்கிறார்கள் என்று ஒரு பருவம் முழுவதும் நாட்குறிப்பில் எழுதி வந்தேன். டொல்பினுக்குச் சொன்னார்கள், அது நியாயம். தேங்காய்ச் சம்பலுக்குச் சொன்னார்கள். போன மின்சாரம் திரும்பி வந்ததற்கும் சொன்னார்கள். வெட்டிச் சொன்னால் அது மரியாதைக்கு. இழுத்துச் சொன்னால் உண்மை. நாங்கள் அழகான ஒன்றைக் கண்டால் ‘மாஷா அல்லாஹ்’ என்போம். அதில் கண்ணூறு படக்கூடாது என்ற பயமும் சேர்ந்திருக்கிறது. ‘வாவ்’ சொல்பவருக்கு அந்த நேரத்தில் பயமே இருக்காது.

என்னை ‘ராத்தா’ என்று கூப்பிடும் என் தம்பி, டொல்பின் பார்க்க வருபவர்களைப் படகில் கூட்டிப்போகிறான். கரை வேலை என்னுடையது. எத்தனை பேர், போன நேரம், வந்த நேரம், மிதவை அங்கி, தண்ணீர், பெற்றோல் என்று ஒவ்வொன்றுக்கும் கொப்பியில் சரி அடையாளம் போடுவேன்.

“ராத்தா சரி போட்டா சரிதான்” என்று சொல்லிவிட்டு, படகுக்குள் ஒரு தடவைகூடப் பார்க்காமல் தள்ளிக்கொண்டு போய்விடுவான்.

போன பருவத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, நான்கு பேருடன் ஆறு நாற்பதுக்குப் போனான். எட்டு ஐம்பதுக்கு, கரையில் சாமான் வைக்கும் ஓலைக் கொட்டிலைக் கூட்டப் போனேன். மேலதிகப் பெற்றோல் கேன் அங்கேயே நின்றது. கொப்பியில் அதற்குச் சரி போட்டிருந்தேன். சாமான் கரைக்கு வந்ததும் சரி போடுவது என் வழக்கம். கேன் கரைக்கு வந்திருந்தது. படகில் ஏற்றத்தான் இல்லை.

டொல்பின் வழக்கமான இடத்தில் நின்றால் தாங்கியில் இருக்கிற பெற்றோல் போய்வரப் போதும். விலகிப் போயிருந்தால் தம்பியும் பின்னால் போவான். பத்து மணிக்குப் பிறகு காற்று எழும்பும். அந்தக் காற்றில் இஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குத் துணிவில்லை.

தம்பியின் கைபேசிக்கு ஐந்து தடவை அழைத்தும் கிடைக்கவில்லை. ஆறாவது தடவை எடுத்தான்.

“தம்பி, பெற்றோல் கேன் கரையில கெடக்கு!”

“என்ன ராத்தா? ஒண்டும் கேக்குதில்ல!”

அவன் குரலுக்குப் பின்னால் இஞ்சின் சத்தம் இல்லை. பெற்றோல் தீர்ந்துவிட்டதா? அப்போது ஒரு பெண்ணின் குரல், “வாவ்…” என்று நீளமாக வந்தது. அது முடியுமுன் ஓர் ஆண் குரல். பிறகு நான்கு பேரும் ஒருவர்மேல் ஒருவராக. இணைப்பு அறுந்தது.

டொல்பின் கூட்டம் கிட்ட வந்தால் இஞ்சினை நிறுத்துவது எங்கள் படகுக்காரர்களின் வழக்கம். பெற்றோல் தீர்ந்து மிதக்கிற படகில் யாரும் அப்படி இழுத்து வியக்கமாட்டார்கள். மணலில் உட்கார்ந்து மூச்சு விட்டேன். ஆனாலும் அவன் திரும்பி வரவேண்டுமே. அடுத்த படகு புறப்பட்டுக்கொண்டிருந்தது. கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நாங்கள் ‘நானா’ என்று கூப்பிடும் அந்தப் படகுக்காரர் சிரித்தார்.

“ஓ, உங்கட தம்பிக்கா? ராத்தா இருக்கிற வரைக்கும் எனக்கு ஒண்டும் மறக்காதெண்டு நேத்துத்தான் பெரிசாக் கதைச்சாரு!”

“கதையப் பொறகு வெச்சுக்கங்க நானா. முதல்ல கொண்டு போங்க.”

பத்து இருபத்தைந்துக்கு இரண்டு படகுகளும் ஒன்றாக வந்தன. விருந்தினர் நான்கு பேரும் நனைந்த தலையோடு, கைபேசியில் எடுத்த படங்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டே இறங்கினார்கள்.

“தாங்கியில எவ்வளவு மிஞ்சியிருந்திச்சு?” என்று தம்பியிடம் கேட்டேன்.

“நானா வரக்குள்ள ஒரு சிரட்டை நெறைக்கவும் காணாது” என்றான்.

கொப்பியை விரித்து, சரிக்குப் பக்கத்தில் ‘கேன் ஏற்றப்படவில்லை. பிழை என்னுடையது’ என்று எழுதினேன். அவன் எட்டிப் பார்த்தான்.

“இதையும் எழுதோணுமா?”

“ஓம். இனி நீ கேன்ல கைய வெச்சு ‘இருக்கு’ எண்டு சொன்னாத்தான் சரி போடுவன்.”

“சரி, டீச்சர்” என்றான்.

அன்று பகல் சோறு தின்றுவிட்டுப் படுத்தவள், பின்னேரம் அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்டுத்தான் எழும்பினேன்.