மருமகனுக்குப் பார்த்த போட்

மாங்கேணிக் கரையில் மீனை ஐஸில் வைக்க முதல் வாடி, கொட்டில், போட்டவன் நான். அதற்கு முன்னால் இங்கே மீன் பிடித்தவர்கள், வெயில் ஏறுவதற்குள் ஓட்டமாவடி வியாபாரி வாயில் வந்த விலைக்கே கொடுத்துவிட்டு நின்றார்கள். ஐஸ் வந்தபிறகுதான் வியாபாரி நம்முடைய வாசலில் காத்து நிற்கப் பழகினான். கல்வீடு மூன்று கட்டினேன். ஒன்று சண்டையில் போனது, ஒன்றைக் கடல் கொண்டுபோனது, மூன்றாவதை உள்ளே தள்ளி, உயர்த்தி, கடலுக்கு முதுகைக் காட்டிக் கட்டினேன். களப்பு ஏரிக்குப் போகும் பாதையில் மாரிக்கு மாரி வண்டிச் சில்லுப் புதையும் பள்ளத்தைக் கல் போட்டு நிரப்பி லொறி வரச் செய்ததும் நான்தான். யாரும் கை கொடுக்கவில்லை. சிரித்தவர்கள்தான் அதிகம், அவர்களுடைய மீனும் பிறகு அதே பாதையால்தான் போனது.

படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. கையெழுத்து வைப்பேன், தராசு வாசிப்பேன். இதில் எழுத்துப் பிழை இருந்தால் யாரும் திருத்தலாம். விசயத்தைத் திருத்த விடமாட்டேன்.

எங்கள் பக்க வழக்கப்படி வீடு மகளுக்கு. கல்யாணத்தோடு அதை எழுதிக் கொடுத்துவிட்டு நானும் மனிசியும் பின்வளவில் தகரக் கொட்டிலுக்குப் போனோம். மனிசி அங்கேயே போய்ச் சேர்ந்தாள். நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் என் வீட்டுக்கு மருமகனாக வந்தவன் கடற்காரன் இல்லை. மகள் தானாகப் பார்த்துப் பிடித்த பிள்ளை. உள்ளே காட்டோரம் கச்சானும் சோளமும் போடுகிற சேனைக்கார வீடு. நல்ல உழைப்பாளி, அதை மறுக்கவில்லை. ஆனால் நீச்சல் வராது. காற்று கொஞ்சம் திரும்பினால் போட் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பான். இப்படிப்பட்டவன் யாரோ ஒருத்தரின் போட்டில் கூலிக்குப் போய் வந்துகொண்டிருந்தான். அவனுக்குச் சொந்தமாக ஒரு போட் வேண்டுமாம்.

மண்ணெண்ணெய்க்குக் கானோடு வரிசையில் கிடந்த அந்தக் கெட்ட காலத்துக்குப் பிறகு புது போட்டின் விலையை ஏழை கேட்கவே முடியாது. அதனால் பழசு தேடினான். வாகரையில் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டான். களப்புக்கும் கரைக் கடலுக்கும் போகிற பதினெட்டடி ஃபைபர் போட். விற்கிறவன் எனக்குத் தெரியாதவன் இல்லை. இளந்தாரிக் காலத்தில் என்னோடு ஒரே தோணியில் வலை இழுத்தவன். இப்போது முட்டு வருத்தம், நாலு அடி நடந்தால் மூச்சு இழுக்கும். கடலை விட்டுவிட்டு றோட்டோரம் ஒரு பெட்டிக்கடை போடுவதென்று முடிவு. போட் விற்றால்தான் கடை.

மருமகன் என்னிடம் கேட்கவில்லை. மகள்தான் வந்து, “அப்பா, அவருக்கு வாயால கேக்க வெக்கமா இருக்காம். நீங்களும் ஒருக்காப் போய்ப் பாருங்களன்” என்றாள். நாற்பது வருசம் கடலில் கிடந்த மாமனாரைக் கேட்க வெட்கம், போட்டுக்கு ஊரெல்லாம் கடன் கேட்க வெட்கமில்லை என்று சொல்லிவிட்டு, சேட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். மருமகன் விடியவே பஸ் எடுத்துப் போய்விட்டானாம். நான் தெரிந்த ஒருத்தரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிப் போனேன். போகும்போது வாடியிலிருந்து பற்றரியில் ஓடும் ட்ரில்லையும் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்கு போட் பார்ப்பதும் பெண் பார்ப்பதும் ஒன்று. வாங்க வந்தவன் விற்கிறவன் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், வெற்றிலை போடலாம். சோற்றில் கை வைத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு குறை சொல்லக் கூடாது, விலை குறைக்கக் கூடாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். சேனைக்காரருக்கு இந்த வழக்கம் கிடையாது. அங்கே வந்தவனுக்குச் சோறு போடுவது சும்மா மரியாதை.

நான் போய் இறங்கும்போது மருமகன் விறாந்தையில் பாயில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கோப்பை நிறையச் சோறு, இறால் குழம்பு, பொரித்த கொய் மீன். விற்கிறவனின் மனிசி பக்கத்தில் நின்று குழம்பு விட்டுக்கொண்டிருந்தாள். போட்டை அவன் அதுவரை தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறான். நீலப் பெயிண்ட் பளபளத்ததாம். அது போதுமாயிருந்தது அவனுக்கு.

விற்கிறவன் என்னைக் கண்டதும் எழும்பி வந்து கையைப் பிடித்தான். “வாங்கண்ணன், முதல்ல சாப்பிடுங்க. போட் எங்க ஓடப் போகுது?”

நான் கரைப் பக்கம் பார்த்தேன். போட் மணலில் ஏற்றிக் கிடந்தது. பெயிண்டை நான் பார்க்கவில்லை. அதை இழுத்து வந்த தடத்தைப் பார்த்தேன். முழங்காலுக்குப் பாதி புதைகிற அளவு ஆழமாகக் கிடந்தது தடம். என்ஜின் கழற்றி, வலை இறக்கி, வெறுமையாக இழுத்த ஃபைபர் போட் மணலை அப்படிக் கிழிக்காது. இந்த போட்டுகளில் இருக்கைக்கு அடியில் பெட்டி மாதிரி அடைத்து உள்ளே நுரை வைத்திருப்பார்கள். போட் தண்ணீர் நிரம்பிக் கவிழ்ந்தாலும் அந்த நுரை அதை மிதக்க வைக்கும், ஆள் பிடித்துக்கொண்டு கிடக்கலாம். பெட்டியில் வெடிப்பு விழுந்தால் நுரை வருசக்கணக்காகத் தண்ணீர் குடிக்கும். வெளியே தெரியாது. அப்படியான போட் கவிழ்ந்தால் கல்லுத்தான்.

நான் விறாந்தைக்குத் திரும்பி வந்து, “மருமகன், எழும்புங்க” என்றேன்.

அவன் என்னையும் பார்த்தான், அந்த மனிசியையும் பார்த்தான். பிறகு இன்னொரு பிடி சோற்றைப் பிசைந்தான். கல்யாணம் முடிந்த நாளிலிருந்து அன்றுவரை நான் அவனை ‘நீங்க’ என்று மட்டும்தான் பேசியிருக்கிறேன். எங்கள் ஊரில் மருமகனுக்கு அந்த மரியாதை உண்டு.

“எழும்படா” என்றேன்.

வாசலில் நின்ற ஆட்கள் எல்லாரும் கேட்டார்கள். அவன் கையில் சோற்றோடு எழும்பினான். கழுவத் தண்ணீர் கேட்கவும் வாய் வரவில்லை.

விற்கிறவனின் மனிசிக்கு வாய் வந்தது. “சோத்துக் கையோட ஆளை எழுப்புறீங்களே, நாங்க என்ன நஞ்சா வெச்ச?”

நஞ்சு சோற்றில் இல்லை, போட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கரைக்கு நடந்தேன். பின்னாலே பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். வேலை இல்லாத நேரம், வேடிக்கைக்கு ஆள் குறைவில்லை. விற்கிறவன் மூச்சு வாங்க வாங்க எனக்கு முன்னால் ஓடி வந்து நின்றான். நான் பையிலிருந்து ட்ரில்லை எடுத்தபோது அவனுக்கு விளங்கிவிட்டது. இருக்கைப் பெட்டியின் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டான்.

“அண்ணன், ஓட்டை போட்டுப் போட்டு வேணாமெண்டு போனா நான் இத ஆருக்கு விக்கிற?”

“தண்ணி வராட்டி நான் வாங்குறன். நீ சொன்ன விலைக்கு. கையை எடு.”

அவன் எடுக்கவில்லை. நானே எடுத்துவிட்டேன். நோயாளியின் கை, பாரமில்லை.

துளை பெரிதில்லை, சுண்டு விரல் போகாது. கம்பியை வெளியே இழுத்ததும் தண்ணீர் பீறிட்டது. கறுத்த, நாறிய தண்ணீர். தேத்தண்ணீர் குடித்து முடிக்கிற நேரமாகியும் நிற்கவில்லை. நான் நகரவில்லை, யாரையும் நகர விடவுமில்லை. “பாருங்க, போட்டுக்கு மூத்திரம் முட்டிக் கிடந்திருக்கு” என்றேன். கூட்டம் சிரித்தது. விற்கிறவனின் சொந்தக்காரர்களும் சிரித்தார்கள். அவன் மட்டும் மணலில் குந்தி, தண்ணீர் போகிற வழியைக் காலால் மூடிக்கொண்டிருந்தான், யாரும் காணாமல் மறைத்துவிடலாம் என்கிற மாதிரி.

“எனக்குத் தெரியாண்ணன்” என்றான்.

தெரியாவிட்டால் இத்தனை வருசம் கடலில் என்னத்தைப் பார்த்தாய், தெரிந்திருந்தால் நீச்சல் தெரியாத பிள்ளைக்கு இதை எந்த மனசோடு காட்டினாய், இரண்டில் ஒன்றைச் சொல் என்று கேட்டேன். நான் அதற்கு மேலும் பேசினேன். என்னோடு தோணியில் இருந்த காலத்திலேயே வலையின் கிழிசலை மறைத்துச் சுருட்டி வைக்கிறவன் என்று பேசினேன். அது உண்மை. உண்மையை மெதுவாகச் சொன்னால் ஆட்கள் மறந்துபோவார்கள். அதனால் சத்தமாகச் சொன்னேன்.

திரும்பி வரும்போது மருமகனும் நானும் ஒரே பஸ்ஸில் வந்தோம். அவன் முன் சீற்றில், நான் பின்னால். வளவுக்குள் வந்த பிறகு ஒரு வார்த்தை சொன்னான். “போட்டப் பத்தி நீங்க சொன்னது சரி மாமா. அத்தன பேருக்கு முன்னால என்ன நாய எழுப்புற மாதிரி எழுப்பினதுதான் சரியில்ல.” பதிலுக்கு நான், நாய் என்றால் மோந்து பார்த்திருக்கும் என்றேன். அன்றிலிருந்து அவன் என்னோடு பேசவில்லை. மகள் சோற்றைக் கொட்டில் வாசலில் வைத்துவிட்டுப் போவாள், மூடி கூடப் போடமாட்டாள். குழம்பில் எறும்பு மிதக்கும். எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டேன்.

வாகரையில் அந்த போட் அதற்குப் பிறகு விலைப்படவில்லை. துளையை அடைத்து, மறுபடி பெயிண்ட் அடித்து, விலையைப் பாதியாக்கியும் பார்த்தானாம். “மூத்திர போட்” என்று பேர் விழுந்துவிட்டது. அந்தப் பேரை வைத்தவன் நான், அதையும் மறைக்கவில்லை. பெட்டிக்கடைக்கு அடித்த பலகை மழையில் ஊறிக் கிடந்தது. மாரி வந்து களப்பு நிரம்பி அது கடலில் கலக்கும் முகத்துவாரம் உடைத்துக்கொண்டது. அந்த நேரம் இறால் தண்ணீரோடு வெளியே அள்ளுப்பட்டுப் போகும். வாயில் வலை போட்டவனுக்கு ஒரு வருசச் சோறு. எல்லாரும் போனார்கள். அவனும் பழைய என்ஜினைப் பூட்டிக்கொண்டு போனான், தனியாக. அந்த போட்டில் கூட ஏற ஒருவரும் சம்மதிக்கவில்லை.

முகத்துவாரத்தில் கடல் அலையும் களப்புத் தண்ணீரும் மோதுகிற இடத்தில் போட் குறுக்கே திரும்பி நிரம்பியதாம். பக்கத்தில் நின்றவர்கள் கயிறு எறிவதற்குள் போட்டின் முன்மூக்கு, அணியம் மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. நான் சொன்ன மாதிரியே. மிதக்கவில்லை. உடல் அடுத்த நாள் எங்கள் கரையில் ஒதுங்கியது.

செத்த வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க நான் ஒளிக்கிற ஆள் இல்லை. அவன் மனிசி ஒப்பாரியை நிறுத்திவிட்டு, எல்லாரும் கேட்க, “ஓட்ட போட்டவர் வந்திருக்கார், கதிர குடுங்க” என்றாள். உட்காரக் கதிரை வந்தது. இருந்தேன். தேத்தண்ணீர் தந்தார்கள், குடித்தேன். எழும்பி வரும்போது ஒருத்தரும் முகம் பார்க்கவில்லை. துளை போட்டிருக்காவிட்டால் போட் விற்றிருக்கும், விற்றிருந்தால் இந்த மனிசன் கடையில் இருந்திருப்பான் என்று வாகரை முழுக்கப் பேசினார்கள். கணக்குச் சரிதான். விற்றிருந்தால் அந்த முகத்துவாரத்தில் யார் நின்றிருப்பார் என்பதை மட்டும் பேசவில்லை.

என் வீட்டில் அதைப் பேசினார்கள். ஆனால் வேறு மாதிரிப் பேசினார்கள். செய்தி வந்த அன்று மருமகன் கிணற்றடியில் போய் இருந்துவிட்டான். மகள் சாமிப் படத்துக்கு முன்னால் விழுந்து, “அம்மாளாச்சி, என்ர தாலியக் காப்பாத்திப் போட்டா” என்று அழுதாள். நான் கொட்டில் வாசலில்தான் நின்றேன். என் பக்கம் அவள் கண் திரும்பவில்லை. கோயிலுக்கு நேர்த்தி வைத்தார்கள். இந்த வருசக் கோயில் சடங்கில் ஊருக்கே அன்னதானம் போட்டார்கள். ஒலிபெருக்கியில், பெரும் ஆபத்திலிருந்து அம்பாள் காத்தருளிய இன்ன குடும்பத்தார் உபயம் என்று மூன்று தரம் சொன்னார்கள். மருமகன் சால்வையோடு முன்னால் நின்றான். நான் சனத்துக்குள் வரிசையில் நின்று, என் மகள் அள்ளிப் போட்ட சோற்றை வாங்கிச் சாப்பிட்டேன்.

அம்மாளோடு எனக்குச் சண்டை இல்லை. அவவுக்கு உரியதை அவ எடுக்கட்டும். ஆனால் அன்று வாகரைக் கரையில் ட்ரில் பிடித்தது அம்மாள் இல்லை. மருமகனைச் சோற்றிலிருந்து எழுப்பிக் கெட்ட பேர் வாங்கினதும் அம்மாள் இல்லை. அந்த மனிசனின் சாவை மட்டும் ஊர் சரியாகக் கண்டுபிடித்து என் தலையில் வைத்தது. அந்த இடத்தில் யாரும் தெய்வத்தின் பேரை இழுக்கவில்லை. நான் அதைத் தட்டிவிடவில்லை. அதே கையால் என் மருமகனின் உயிரையும் என் பேரில் வையுங்கள். ஒன்றைத் தந்துவிட்டு மற்றதை ஒளிக்க வேண்டாம்.

மகளுக்கும் மருமகனுக்கும் இதை நேரே சொல்லிவிட்டேன், இப்போது எழுதியும் வைக்கிறேன். அடுத்த சடங்கில் ஒலிபெருக்கியில் அம்பாளின் பேர் சொல்லி முடிந்ததும் என் பேரைச் சொல்ல வேண்டும். இன்னாரின் மாமனார் என்று வேண்டாம். என் பேரை, முழுதாக, நான் உயிரோடு நின்று கேட்கும்போது.